நான்காம் குளத்துத் தட்டு

பத்து மணித் தீனி போட்டு
இரண்டு மணி நேரம் கழித்துத்
தட்டைத் தூக்க வேண்டும்.
பலகைப் பாலம் பனியில் வழுக்குகிறது.
ஏரேட்டர்கள் நீரை அறைந்துகொண்டே இருக்கின்றன,
யார் மேல் கோபமென்று தெரியாமல்.
நெற்றி விளக்கில் முதலில் தெரிவது கண்கள்,
கங்கு நிறத்தில், ஜோடி ஜோடியாக.
பிறகுதான் இறால்.

மற்ற நாளில் தட்டு
கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கறுப்பு நூல் ஓடும்.
அது குடல்.
நூல் அறாமல் ஓடினால்
நாளைக்கும் எனக்கு இங்கே வேலை இருக்கிறது.

இன்று தீவனம் போட்டபடியே கிடக்கிறது,
ஊறி, உப்பி, விரல் பட்டதும் மாவாகி.
நடுவில் ஒரு சட்டை.
மீசை முதல் வால் வரை ஒரு மடிப்புக் கலையாமல்
ஆள் மட்டும் இறங்கிப் போன சட்டை.
நிமிர்ந்து பார்த்தேன். நிலா இல்லை.
நாளை அமாவாசை.

காரைக்குடியில் முதலாளிக்கும் உறக்கம் இல்லை.
"நாலாம் குளம் எத்தனை கிலோ?"
சொன்னேன்.
"குறைச்சிராத வில்லாயுதம்,
எடை ஏறுற நேரம்."
உரிக்கிற இறால் திங்காது முதலாளி என்றேன்.
"உரிக்காத இறால் திங்கும்ல?
தீனி இல்லைன்னா
ஓடு இறுகறதுக்குள்ள பக்கத்துல கெடக்கறதத் தின்னுரும்."

அதுவும் பொய்யில்லை.

கொட்டகையில் முப்பத்தெட்டு மூட்டை,
எல்லாமே திருப்பாலைக்குடி நாகூர்கனி கடையில் கடன்.
மூட்டையில் அச்சடித்த இறால் மட்டும்
எந்த அமாவாசைக்கும் இளைப்பதில்லை.
பின்புறம் எழுதியிருக்கிறது:
புரதம் முப்பத்தைந்து, கொழுப்பு ஐந்து, நார் நான்கு,
ஈரம் பதினொன்றுக்குள்.
மோர்ப்பண்ணை மணலில்
என் பூமயில் குனிந்து குனிந்து உலர்த்தும்
காரலும் சூடையும்
இதில் எந்த எண் என்று எழுதவில்லை.
வாரம் ஒரு லாரி அள்ளிக்கொண்டு போகிறது.
எங்கேயோ பொடியாகி, குச்சியாகி, பெயர் மாறி
என் தலைச்சுமையாக வந்து இறங்குகிறது.
அவள் கூலியையும் என் கூலியையும்
ஒரே மீன் எடுத்துவருகிறது போல.
கிலோவுக்கு எத்தனை கைமாற்றம் என்று
நாகூர்கனிக்குத் தெரிந்திருக்கலாம்.

போன ஆடியில் இரண்டாம் குளம்.
இறால் திங்காததையெல்லாம் அடிச்சேறு தின்றது.
தின்று கறுத்தது.
காலை வைத்தால் அழுகின முட்டை வாசம்.
ஒருநாள் விடியலில்
அத்தனை இறாலும் கரையோரம் வந்து
மூச்சுக்கு நின்றன,
ரேஷன் கடை வாசல் மாதிரி, தள்ளுமுள்ளு இல்லாமல்.
அன்றைக்கும் நோட்டில்
கிலோக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த தீனிக்குப் பாதி மூட்டை வீசினேன்.
பரிசலில் நின்று, ஓரமாக,
கோலமாவு சிந்துவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக.
மீதியைச் சணல் கட்டித்
தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினேன்.
நோட்டில் முழு மூட்டை என்று எழுதினேன்.
பேனா மக்கர் செய்தது.
உதறி, மறுபடி எழுதினேன்.

கிழக்கே வலசைகளின் மோட்டார் சத்தம் கரைக்கு வருகிறது.
நாலு மணித் தட்டில்
தீவனம் கொஞ்சம் குறைந்திருந்தது.
கொஞ்சம்தான். நண்டு தின்றிருக்கவும் கூடும்.
ஒரு சின்ன இறால், ஓடு இன்னும் இறுகாமல்,
கையில் எடுத்தால் நனைந்த காகிதம்.
வாலைச் சுண்டியது.
விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து
மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவியும்
விரலிடுக்கில் தீவன வாசம்.
பூமயில் சோறு போட்டு,
அவளே தரம் பிரித்து ஒதுக்கிக் கொண்டுவந்த
காரல் குழம்பை ஊற்றினாள்.
அவள் கணுக்காலில் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.
நான் பிசைந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

தட்டைப் பார்த்தாள்.
"என்ன, சட்டை உரிக்கிறியளா?"

மறுசோற்றுக்கு எடுத்த அகப்பையைப்
பானைக்கே திருப்பினாள்.